கூகுள் ஃபார்முக்கு வெளியே நின்றவர்களையும் கேளுங்கள்

இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பாடத்திட்டமும் விதியும் வகுக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். கொரோனாவுக்கு முன்பும் நடத்தினேன், கொரோனா காலத்தில் செல்போன் வழியாக நடத்தினேன், இப்போதும் நடத்துகிறேன். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்கீழ் எழுதப்படும் விதிகளில், இன்னொரு பெருந்தொற்று வந்தால் நர்சிங் மாணவி எப்படிப் படிப்பாள் என்பதற்கும் ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். அதை எழுதுமுன் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் ஆன்லைன் படிப்பைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று கேளுங்கள். இந்த மடலின் கோரிக்கை அதுதான்.

ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். 2020, 2021இல் இந்தத் தலைப்பில் ஆய்வுகளுக்குக் குறைவே இல்லை. "ஆன்லைன் வகுப்பு குறித்து நர்சிங் மாணவர்களின் மனப்பான்மை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வரும். திறந்தால் கூகுள் ஃபார்ம். முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், கருத்தில்லை என்று வரிசையாக வட்டங்கள். ஒன்றைத் தொட்டு அனுப்பினால் முடிந்தது.

அந்த இணைப்பை யாரால் திறக்க முடிந்தது என்பதைத்தான் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலும், பென்னாகரத்துக்கு மேலே கோட்டூர் மலையிலும், வத்தல்மலையிலும் அன்றைக்கு டவர் கிடைப்பது பெரும்பாடு. கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு எந்திரமே கழுதை முதுகில்தான் போகும் என்பது செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் வீட்டுக்குள் டவர் இல்லையென்றால் மேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் என்று பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் வகுப்புக்கும் வரவில்லை, உங்கள் ஃபார்முக்கும் வரவில்லை. ஆன்லைன் படிப்பால் அதிகம் இழந்தவர்கள் யாரோ அவர்களே கணக்கில் இல்லாமல் போனார்கள். மீதியிருந்தவர்களின் பதிலைக் கூட்டி, அதற்கு மனப்பான்மை என்று பெயர் வைத்தோம்.

கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா தருவதாக, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குமாக அரசு அறிவித்தது. நல்ல நோக்கம்தான். டவரே இல்லாத மலையில் அந்த 2 ஜி.பி.யை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? டவர் இருந்த ஊரிலும் வீட்டுக்கு ஒரு டச் போன் என்றால் பெரிய விஷயம். அது அப்பாவோடு பெங்களூரு கட்டட வேலைக்குப் போய்விடும். இல்லையென்றால் எட்டாவது படிக்கிற தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருக்கும். தம்பிக்கா அக்காவுக்கா என்று வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் போன் யார் கைக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்துக்கும் 2001இல் தருமபுரிக்கும் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்கள்தானே நீங்கள்.

ஃபார்மைத் திறந்து பதில் சொன்னவர்களும் மனசில் இருந்ததைச் சொன்னார்களா என்பது அடுத்த கேள்வி. பல ஃபார்ம்களில் முதல் கட்டத்திலேயே பெயரும் பதிவு எண்ணும் கேட்டார்கள். அனுப்புவது கல்லூரி. இன்டர்னல் மார்க் போடுவதும் அதே கல்லூரி. பத்தொன்பது வயசுப் பிள்ளை "திருப்தி இல்லை" என்ற வட்டத்தைத் தொடுவாளா? பாதுகாப்பாக நடு வட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவாள். பிறகு எழுதப்பட்ட அறிக்கைகளில் "மிதமான மனப்பான்மை" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடு வட்டம்தான் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் வைத்து, பிள்ளைகள் ஆன்லைன் படிப்பை வெறுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் உண்மை கிடையாது. சில விஷயங்களில் அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து வருகிறவர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் உண்டு. முதல் வருஷம் அனாட்டமி வகுப்பில் இங்கிலீஷ் ஓடுகிற வேகத்துக்கு இவர்களால் ஈடுகொடுக்க முடியாது. புரியாவிட்டாலும் எழுந்து கேட்கமாட்டார்கள். சேலம், ஓசூர் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயம். அப்படிப்பட்டவர்களுக்குப் பதிவு செய்த வகுப்பு பெரிய வரமாக இருந்தது. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டார்கள். இதயத்தின் வால்வுகளை ஒரே வகுப்பில் விளங்கிக்கொள்ள முடியாத பெண், வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவில் அதை நாலு தடவை ஓடவிட்டுப் புரிந்துகொண்டாள்.

அப்புறம் கேள்விகள். வகுப்பில் ஒரு வருஷமாக வாயைத் திறக்காத பிள்ளைகள் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாம் தமிழில். "மேம், கிட்னி ஃபெயிலியர்ல பொட்டாசியம் ஏன் ஏறுது, ஏறினா ஹார்ட்டுக்கு ஏன் ஆபத்து?" இந்தக் கேள்வியைக் கேட்டவள் அதுவரை கடைசி பெஞ்சில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தவள். நானும் தமிழிலேயே பதில் அனுப்பினேன். அது குழு குழுவாகச் சுற்றியது. கல்லூரி திறந்த நாளோடு இதெல்லாம் நின்றுபோனது. வகுப்பைப் பதிவு செய்வதும் நின்றது. பழையபடி கடைசி பெஞ்ச் மௌனமாகிவிட்டது. நல்லதாக வந்த ஒன்றை ஏன் தூக்கி எறிந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. தியரிக்குப் பதிவு வகுப்பும் தமிழ் விளக்கமும் எப்போதும் இருக்கலாம், அதற்குப் பெருந்தொற்று வரவேண்டிய அவசியமில்லை. 2021-22இல் வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறீர்கள். அதையும் கம்ப்யூட்டர் பற்றிய இன்னொரு தேர்வாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் வார்டு வேறு. இங்கே பிள்ளைகளின் மனப்பான்மையில் நடு வட்டமே கிடையாது. யாரைத் தனியாகக் கேட்டாலும் ஒரே பதில்தான். கையால் கற்க வேண்டியதை வீடியோவில் கற்றதாகக் கணக்கு எழுதியதை அவர்கள் ஏற்கவில்லை.

பி.பி. பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். வீடியோவில் கஃப் கட்டுவது தெரியும், பாதரசம் இறங்குவது தெரியும். ஸ்டெத்தில் முதல் சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்பதைக் காதால் கேட்காமல் எப்படிப் படிப்பது? வீட்டில் கருவியும் இல்லை. பெட் மேக்கிங் வகுப்பின்போது ஒரு மாணவி கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து, மூலையை மெத்தைக்கடியில் சாய்வாக மடிக்கிற மைட்டர்டு கார்னர் மடித்து, போட்டோ எடுத்து அனுப்பினாள். மெத்தையே இல்லாத கட்டிலில் அந்த மடிப்பு நிற்காது. அவள் எடுத்துக்கொண்ட பாடு எனக்குத் தெரியும், மதிப்பெண்ணும் கொடுத்தேன். பாலக்கோட்டில் ஒரு பிள்ளை தக்காளியில் ஊசி குத்திப் பழகினாள். தக்காளிக்கு வலிக்காது. கையை உதறிக்கொள்ளவும் செய்யாது. வயசானவர் கையில் மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போடும்போது நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அதை விரலால் அழுத்திப் பிடித்து நிறுத்துகிற பக்குவம் நூறு பேர் கையைத் தொட்ட பிறகுதான் வரும்.

கையின் திறமையைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. அதை எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு அறிமுகமில்லாத ஓர் ஆணின் உடம்பைத் துடைத்துவிடுவது சாதாரண காரியமில்லை. முதல் போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சியில், தயங்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சாப்பாடு இறங்காது என்பாள். பக்கத்தில் சீனியர் சிஸ்டர் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்வார். "தாத்தா, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே மலத்தைத் துடைப்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைக்கும் கூச்சம் விலகும். சில வாரங்களில் அவளே தாத்தாவோடு பேசத் தொடங்கிவிடுவாள். அதுதான் அவள் நர்ஸாகிற நேரம். 2019இல் சேர்ந்தவர்களுக்கும் 2020இல் சேர்ந்தவர்களுக்கும் அந்த வாரங்கள் கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. மாவட்டத்தின் பெரிய மருத்துவமனைகளில் கோவிட் நோயாளிகள் நிறைந்திருந்தபோது மாணவர்களை உள்ளே விடவில்லை. பிறகு திறந்தபோது அவர்கள் இரண்டாம் வருஷத்து, மூன்றாம் வருஷத்துச் சீருடையில், அதற்கான எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். தெரியாது என்று சொல்லவும் வெட்கம்.

மகப்பேறு போஸ்டிங்கில் இது இன்னும் மோசம். அப்போதிருந்த பாடத்திட்டப்படி ஒரு மாணவி 20 சுகப்பிரசவம் பார்த்துப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பிரசவ அறையில் கூட்டம் சேரக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த மாதங்களில் 20 எங்கிருந்து வரும்? ஒரு பிரசவத்தைச் சுற்றி எட்டுப் பேர் நின்று எட்டுப் பேர் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டால் வரும்.

உங்கள் விதி இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்தால், காகிதத்தில் அது மிகக் கறாரானது. தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். பட்டம் கைக்கு வருமுன் செயல்முறைப் பயிற்சியில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நல்ல விதி, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மருத்துவமனைக் கதவு மூடியிருந்த மாதங்களுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் லாக் புக்கில் 100 சதவீதம் நிரம்பியது. நிரப்பச் சொன்னது யார் என்று தேடி ஒருவரைத் தண்டிக்க நான் இதை எழுதவில்லை. பிள்ளைகள் ஒரு வருஷம் பின்தங்கிவிடக்கூடாது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. விட்டுப்போன மணிநேரத்தை விட்டுப்போனதாகவே எழுதிவைக்க உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டம் இருந்திருந்தால் பிறகு அதைத் தேடிப்பிடித்து நிரப்பியிருக்கலாம்.

இதன் விளைவை அனுபவித்தவர்கள் அந்தப் பிள்ளைகளும் அவர்களிடம் வந்த நோயாளிகளும்தான். 2021 மே 3ஆம் தேதி, பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோவோ முடித்தவர்களை மூத்த மருத்துவர்கள், செவிலியர்கள் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் பணியில் அமர்த்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. 100 நாள் பணி செய்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றும் சொன்னது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். கடைசி வருஷப் பயிற்சியில் பாதியை இழந்துவிட்டு வெளியே வந்தவர்கள் நேராக ஆக்சிஜன் வார்டுக்குப் போனார்கள். பயந்துகொண்டே போனார்கள், ஆனாலும் போனார்கள். என் மாணவிகளில் சிலர் பி.பி.இ. கிட்டுக்குள் வியர்த்து நனைந்து, வீட்டுக்குப் போகாமல், விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள்மீது எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சமல்ல. அவர்களை இன்னும் தயார்செய்து அனுப்பியிருக்க முடியும் என்கிற வருத்தம் அதனால்தான் இவ்வளவு பெரியதாக இருக்கிறது.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், மருத்துவச்சி ஆண்டாக அறிவித்திருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆனதையொட்டி அந்த அறிவிப்பு. அந்த ஆண்டில்தான் நம் மாணவிகள் மருத்துவமனைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. 2020 மே தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட கொரோனா மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். சென்னைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நர்சிங் படிப்பு ஒரே நாளில் மூடி, ஒரே மாதிரி ஆன்லைனுக்குப் போனது. முதல் சில வாரங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாத நேரம், அதைக் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பின்னும் மாவட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க ஒரு வழி வைத்திருக்கலாம்.

இன்னொன்று. ஊருக்குத் திரும்பிய இந்தப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். களை எடுத்தார்கள், மாடு பார்த்தார்கள், கேழ்வரகு அறுத்தார்கள். கல்யாணப் பேச்சையும் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாமல் படிப்பை விட்டவர்களும் உண்டு. இதற்கு நடுவே ஊரே அவர்களைத் தேடி வந்தது. "நர்ஸுக்குப் படிக்கிற பொண்ணு" என்று காய்ச்சல் கண்டவர்கள் வந்தார்கள், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன பாட்டி வந்தார், தடுப்பூசி போட்டால் செத்துப்போவார்களா என்று கேட்டு வந்தார்கள். பதில் சொல்லி, பயம் தெளிவித்து, ஊசி போட அழைத்துப் போனவர்கள் இந்தப் பிள்ளைகள். பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர் சமுதாய நலச் செவிலியம். அதற்கென்று தனி போஸ்டிங்கே இருக்கிறது. அதே மாதங்களில் அந்தப் போஸ்டிங்கை அவர்கள் வீடியோவில் "முடித்தார்கள்".

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் ஊர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அருமையான திட்டம். அதே கிராமங்களில், பி.பி. பார்ப்பதைப் போனில் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த நர்சிங் மாணவிகளும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்திருக்கும். 2021 ஜனவரி 16இல் தடுப்பூசி தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர் பட்டியலில் நர்சிங் மாணவர்களும் இருந்தார்கள். தடுப்பூசிக்குப் பணியாளர் என்று ஏற்ற அரசு, பயிற்சிக்கும் அப்படியே ஏற்றிருக்கலாம்.

ஆகவே புது விதியில் நான் எதிர்பார்ப்பது இதுதான். கல்லூரி மூடினாலும் மாணவியின் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு, முடிந்தால் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரோடு, அவளை இணைத்துவிடுங்கள். கையுறை, முகக்கவசம், தடுப்பூசி, காப்பீடு எல்லாம் பணியாளருக்குத் தருவதுபோலவே தர வேண்டும். இல்லாமல் அனுப்பச் சொல்லமாட்டேன். தியரியைத் தாராளமாக ஆன்லைனில் வையுங்கள், பதிவாக வையுங்கள், டவர் இல்லாதவர்களுக்குப் பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள். செயல்முறை மணிநேரத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் வீடியோவுக்கு மாற்றி எழுத அனுமதிக்காதீர்கள். விட்டுப்போனது விட்டுப்போனதாகவே பதிவாகட்டும். நிலைமை சரியானதும், பட்டத்தைத் தள்ளிப்போடாமல், உதவித்தொகையோடு சில மாதங்கள் மருத்துவமனையில் ஈடுசெய்ய வழி வையுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாதங்களில் கையில் காசு இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாள். உதவித்தொகை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கொரோனா காலத்தில் படித்த பேட்ச்களுக்கும் இந்த வாய்ப்பைத் திறந்துவிடுங்கள். இன்றைக்கு ஓசூர், சேலம், பெங்களூரு மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறவர்களில் பலர், தெரியாததை டியூட்டியில் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டார்கள். பிரசவ அறைப் பக்கம் இன்னும் போகாமல் தவிர்ப்பவர்களையும் எனக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவார்கள்.

கேட்பதையும் இந்த முறை வேறு மாதிரி கேளுங்கள். பெயர் இல்லாமல், பதிவு எண் இல்லாமல், தமிழில் அச்சடித்த தாளில், கல்லூரி நிர்வாகம் பக்கத்தில் இல்லாத இடத்தில். தியரிக்குத் தனிக் கேள்வி, வார்டுக்குத் தனிக் கேள்வி. படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் தேடிப் போங்கள். அவர்கள் முகவரி கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நீங்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால், சித்தேரிப் பிள்ளையும் அஞ்செட்டிப் பிள்ளையும் பஸ் ஏறி வந்துவிடலாம். மதியம் வைத்தால் நல்லது. நைட் டியூட்டி முடித்தவர்கள் கொஞ்சம் தூங்கி எழுந்து வரட்டும், மலையிலிருந்து வருகிறவர்கள் இருட்டுமுன் வீடு திரும்பட்டும். நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். என்னிடம் படித்தவர்களுக்கு நான் தகவல் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு நர்சிங் ஆசிரியை